ஆழ்கடற் புழுவின் குழாய் வீடு

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் நாட்டு முதுமொழி. குருவி கூடு கட்டுகிறது. கறையான் புற்று எழுப்புகிறது. குளவி மண்ணைக் குழைத்து அறை சமைக்கிறது. இவை யாவும் நாம் நாள்தோறும் காண்பவை. குருவிக்கு அலகு உண்டு. கறையானுக்கும் குளவிக்கும் வாயும் கால்களும் உண்டு. ஆனால் அலகும் இன்றி, காலும் இன்றி, வாய்கூட இன்றி, ஆளுயரக் குழாய் ஒன்றைத் தன் உடலிலிருந்தே வார்த்தெடுத்து, அதனுள் வாழ்நாள் முழுவதும் குடியிருக்கும் புழு ஒன்று கடலடியில் இருக்கிறது. அப்புழு வீடு கட்டும் விதத்தையும், அதற்கு அண்டை அயலாரான வேறு சில புழுக்களின் வீடுகளையும் பற்றி இங்கே கூற முற்படுகிறேன்.

விலங்கியல் பயிலும் மாணவர்க்கு மட்டுமே உரிய செய்தி இது என்று மற்றையோர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இப்புழுக்களின் வீடுகள் நிற்கும் இடத்திலேதான் செம்பும் துத்தநாகமும் குவிந்து கிடக்கின்றன. அவ்வுலோகங்களைத் தேடும் நாடுகளுள் நம் நாடும் ஒன்று. ஆகவே சட்டம் பயில்வோரும், பொருளியல் பயில்வோரும், பொறியியல் பயில்வோரும் சிந்திக்க வேண்டிய செய்தியும் இதில் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

கடலடி வெந்நீர் ஊற்று

1977ஆம் ஆண்டில், தென் அமெரிக்காவின் மேற்கே, காலப்பாகஸ் தீவுகளுக்கு அருகில், ஆல்வின் என்னும் சிறிய ஆழ்கடற் கலத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் இறங்கினர். அவர்கள் நிலவியலார். கடலடித் தரை பிளந்து விலகும் இடத்தில் வெந்நீர் ஊறுகிறதா என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம். ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் ஊற்றைக் கண்டனர். ஆனால் அவ்வூற்றைச் சுற்றி, பாலைவனத்தில் சோலை போல, உயிரினங்கள் மொய்த்திருந்ததையும் கண்டு வியந்தனர். அதனை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கப்பலில் உயிரியலார் ஒருவர்கூட இல்லை.

இவ்வூற்று எவ்வாறு தோன்றுகிறது? கடலடித் தரையின் பிளவுகள் வழியே கடல்நீர் கீழே இறங்குகிறது. அடியிலுள்ள பாறைக் குழம்பின் வெப்பத்தால் அது சூடேறுகிறது. சூடேறிய நீர் பாறைகளிலுள்ள இரும்பு, செம்பு, துத்தநாகம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு, ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவையும் சுமந்துகொண்டு மேலே பீறிடுகிறது. சில இடங்களில் இந்நீரின் வெப்பம் 350 டிகிரி செண்டிகிரேடுக்கும் மேல். ஆயினும் அது கொதித்து ஆவியாவதில்லை. ஏனெனில் கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. 2,500 மீட்டரில் அது ஏறத்தாழ 250 மடங்கு.

பீறிடும் வெந்நீர், சுமார் 2 டிகிரி வெப்பமே உள்ள கடல்நீரைத் தொட்டவுடன், அதில் கரைந்திருந்த உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து துகள்களாகப் பிரிகின்றன. பார்ப்பதற்குக் கரும்புகை எழுவது போலத் தோன்றும். துகள்கள் படிந்து படிந்து புகைபோக்கி போன்ற தூண்கள் எழுகின்றன. இத்தகைய கரும்புகைத் தூண்களை 1979இல் கிழக்குப் பசிபிக் மேட்டில் முதன்முதலாகக் கண்டனர்.

வாயில்லாப் புழு

ஊற்றருகே கண்டவற்றுள் மிகுந்த வியப்பூட்டியது வெண்ணிறக் குழாய்களின் கூட்டம். ஒவ்வொரு குழாயின் வாயிலிருந்தும் இரத்தச் சிவப்பான இறகுக் கொத்து ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மெரிடித் ஜோன்ஸ் என்னும் விலங்கியலார் 1981இல் இதற்கு ரிஃப்டியா பாக்கிப்டிலா என்று பெயரிட்டார். இது ஒன்றரை மீட்டருக்கு மேலும் நீளும். வளர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அப்படியாயின் அது எதை உண்டு வாழ்கிறது?

இக்கேள்விக்கு விடை கண்டவர் ஒரு மாணவி என்பதை நம் சங்கத்து நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஜோன்ஸ் சொற்பொழிவு ஆற்றினார்; புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதைக் கூறினார். கேட்டுக்கொண்டிருந்த காலின் கவனா என்னும் பட்டமேற்படிப்பு மாணவி எழுந்து நின்று, அப்படியானால் கந்தகத்தை எரித்து உணவு ஆக்கும் பாக்டீரியாக்கள் புழுவின் உடலுக்குள்ளேயே வாழ்தல் வேண்டும் என்று எடுத்துரைத்தார். 1981இல் அதனை மெய்ப்பித்தும் காட்டினார். புழுவின் சிவப்பு இறகு நீரிலிருந்து பிராணவாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் ஈர்க்கிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் இரண்டையும் தனித்தனி இடங்களில் பற்றிக்கொண்டு உள்ளே கொண்டு செல்கிறது. உள்ளேயிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைக் கொண்டு உணவு சமைக்கின்றன. வெயிலை நம்பிப் பயிர் வளர்வது போல, கந்தகத்தை நம்பி இங்கே உயிர் வளர்கிறது.

இங்கே பலரும் கொள்ளும் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிடுகிறேன். ரிஃப்டியா கொதிநீரில் வாழ்வதன்று. ஊற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில், 30 டிகிரிக்குக் குறைந்த வெதுவெதுப்பான நீரிலேதான் அது நிற்கிறது. அதற்கு ஊற்றுநீரிலிருந்து கந்தகமும் வேண்டும். கடல்நீரிலிருந்து பிராணவாயுவும் வேண்டும். இரண்டும் கலந்து கிடைக்கும் எல்லைக்கோட்டில் இறகை நிமிர்த்திப் பிடித்து நிற்பதற்கே அதற்கு உயர்ந்த குழாய் தேவைப்படுகிறது. நண்டோ மீனோ இறகைக் கடிக்க வந்தால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்வதற்கும் அக்குழாயே அரண். எனவே அது வீடு மட்டுமன்று. முதுகெலும்பும் அதுவே, கோட்டையும் அதுவே.

கட்டுமானப் பொருள்

இனி அக்குழாய் எதனால் ஆயது என்று பார்ப்போம். கைட்டின், புரதம் ஆகிய இரண்டே அதன் முதன்மையான பொருள்கள். கைட்டின் நமக்குப் புதியதன்று. இறால் உரிக்கும்போது நாம் குப்பையில் எறியும் தோட்டிலும், வண்டின் சிறகோட்டிலும், காளானிலும் இருப்பது அதுவே. சர்க்கரை இனத்தைச் சேர்ந்த, நைட்ரஜன் கலந்த சிறு மூலக்கூறுகள் மணிமாலை போல ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழையாகும்போது கைட்டின் உண்டாகிறது. பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி எனலாம்.

கைட்டினில் இரு வகை முக்கியமானவை. இறால் தோட்டிலுள்ளது ஆல்பா வகை. அதில் அடுத்தடுத்த இழைகள் எதிரெதிர்த் திசையில் கிடக்கும். ரிஃப்டியாவின் குழாயிலுள்ளது பீட்டா வகை. இதில் எல்லா இழைகளும் ஒரே திசை நோக்கிக் கிடக்கும். ஊசிக்கணவாயைக் கழுவும்போது அதன் உடலுக்குள்ளிருந்து உருவி எடுக்கும் கண்ணாடி போன்ற தகட்டில் உள்ளதும் இந்தப் பீட்டா வகையே.

கைட்டின் இழை இழுத்தால் அறாது. ஆனால் தனியே நின்று வடிவம் காக்க அதற்கு இயலாது. புரதம் வடிவம் காக்கும். ஆனால் தனியே இழுவிசையைத் தாங்காது. இரண்டும் சேரும்போது வளையவும் செய்கிறது, முறியாமலும் நிற்கிறது. நாம் கூரைக்குத் தளம் போடும்போது இரும்புக் கம்பியைப் பரப்பிச் சிமிட்டிக் கலவை கொட்டுகிறோம் அல்லவா? அந்தத் தத்துவமே இங்கும் நிகழ்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. நம் தளம் விறைத்து நிற்கும். புழுவின் குழாயோ நீரோட்டத்துக்கு ஏற்ப மெல்ல வளைந்து கொடுக்கும்.

வார்க்கும் விதம்

கையில்லாத புழு கம்பியை எவ்வாறு பரப்புகிறது? இதனை நுணுகி ஆராய்ந்தவர்கள் பிரெஞ்சு அறிஞர்களான பிரான்சுவாஸ் கையில் அம்மையாரும் புரூஸ் ஷிலிட்டோ முதலானோரும் ஆவர். மின்னணு நுண்ணோக்கியின் துணையால் அவர்கள் கண்டது இது: புழுவின் தோலில் பேரிக்காய் வடிவமான சுரப்பிகள் பல உள்ளன. ஒவ்வொரு சுரப்பியிலும் கிண்ணம் போன்ற குழிகள். குழிகளில் மிக நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள். அவற்றினிடையே கைட்டின் இழைகள் உருவாகி, உருவாகும்போதே ஒன்றோடொன்று ஒட்டிப் படிகமாகி, வெளியே வருகின்றன.

நம் வீட்டு அடுப்படியில் இதற்கு ஓர் உவமை இருக்கிறது. இடியாப்பம் பிழியும் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு உள்ளே ஒரே திரளாக இருக்கிறது. அச்சின் துளை வழியே வரும்போதுதான் இழையாகிறது. ஆனால் உவமை முற்றும் பொருந்தாது. அச்சில் மாவு முன்பே இருக்கிறது. புழுவின் சுரப்பியிலோ இழை அந்த இடத்திலேயே மூலக்கூறு மூலக்கூறாகக் கோக்கப்படுகிறது. மாவு பிசைவதும் பிழிவதும் ஒரே கணத்தில் நிகழும் அச்சு அது!

வெளிவந்த இழைகள் ஓர் அடுக்கில் ஒரு திசையிலும், அடுத்த அடுக்கில் சற்றுத் திரும்பிய திசையிலும் படிகின்றன. ஒட்டுப்பலகை செய்வோர் மரத்தின் நார் ஓட்டத்தை ஒவ்வொரு தகட்டிலும் மாற்றி மாற்றி அடுக்குவது எதற்காக? ஒரு திசையில் விழும் பிளவு அடுத்த தகட்டில் தடைப்பட்டு நிற்பதற்காக. அதே காரணமே இங்கும். இழைகளுக்கு இடையே சுரக்கும் புரதம் அவற்றைப் பிணைத்து இறுகுகிறது.

குழாயை நீட்டுவதும் தடிப்பாக்குவதும் வேறு வேறு வேலைகள். புழுவின் கழுத்தருகே மேலாடை போல ஒரு பகுதி இருக்கிறது. அது குழாயின் வாய் விளிம்பில் அழுந்திப் புதுப் பொருளைச் சேர்க்கிறது. இதனால் குழாய் மேல்நோக்கி வளர்கிறது. உடலின் நடுப்பகுதியிலுள்ள சுரப்பிகள் உட்சுவரில் மேலும் மேலும் பூச்சுப் பூசுகின்றன. இதனால் சுவர் தடிக்கிறது. அடிப்பகுதி மூடியே இருக்கும்; வால் முனை அங்கே பற்றிக்கொள்கிறது. கொத்தனார் வெளியே சாரம் கட்டி நின்று வேலை செய்வார். இந்தக் கொத்தனாரோ வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டை உயர்த்துகிறார்.

விரைந்து கட்டுவோரும் பொறுத்துக் கட்டுவோரும்

ரிஃப்டியாவின் வேகம் வியக்கத்தக்கது. 1991 ஏப்ரலில் கிழக்குப் பசிபிக் மேட்டின் ஓரிடத்தில் எரிமலைக் குழம்பு பொங்கி, அங்கிருந்த உயிர்களையெல்லாம் மூடிவிட்டது. வெறுமையான அத்தரையில் 1993 டிசம்பருக்குள் ஒன்றரை மீட்டர் நீளமான ரிஃப்டியாக் குழாய்கள் நின்றன. ஆண்டுக்கு 85 செண்டிமீட்டருக்கும் மேலான வளர்ச்சி என்று 1994இல் கணக்கிட்டு வெளியிட்டனர்.

இதற்கு நேர்மாறான உறவினர் ஒருவர் மெக்ஸிகோ வளைகுடாவில் இருக்கிறார். லாமெல்லிபிராக்கியா என்பது பெயர். அங்கே வெந்நீர் இல்லை. எண்ணெயும் மீத்தேன் வாயுவும் கடலடி மண்ணிலிருந்து மெல்லக் கசிகின்றன. ஆராய்ச்சியாளர் இப்புழுக்களின் குழாய்களுக்குக் கடலடியிலேயே நீலச் சாயம் ஏற்றிவிட்டு, பின்னர் வந்து, சாயம் படாத புது விளிம்பு எவ்வளவு என்று அளந்தனர். இரண்டு மீட்டர் வளர 170 முதல் 250 ஆண்டுகள் ஆகும் என்று 2000ஆம் ஆண்டில் முடிவு கூறினர். ஜான்சி ராணி லக்ஷ்மிபாய் பிறப்பதற்கு முன்பே வளரத் தொடங்கிய குழாய் ஒன்று இன்றும் வளர்ந்துகொண்டிருக்கக் கூடும் என்பது இதன் பொருள்.

ஏன் இந்த வேறுபாடு? வெந்நீர் ஊற்று நிலையற்றது. சில ஆண்டுகளிலோ சில பத்தாண்டுகளிலோ வற்றிவிடும் அல்லது எரிமலைக் குழம்பில் மூழ்கும். அங்கே விரைந்து வளர்ந்து, விரைந்து இனம் பெருக்குவதே பிழைக்கும் வழி. எண்ணெய்க் கசிவோ நூற்றாண்டுகள் நிலைத்திருக்கும்; அவசரம் இல்லை. லாமெல்லிபிராக்கியாவின் குழாயில் இன்னொரு புதுமையும் உண்டு. அதன் அடிப்பாகம் மெல்லிய வேராக மண்ணுக்குள் இறங்குகிறது. அச்சுவர் வழியே சல்பைடு உள்ளே ஊடுருவுகிறது. ரிஃப்டியா மேலே இறகால் பெறும் உணவை, இது கீழே வேரால் பெறுகிறது. ஒரே குலத்தார் இருவர், மண்ணுக்கேற்ற மனை!

சுடுசுவரில் ஒரு குடித்தனம்

ரிஃப்டியாவைவிடத் துணிச்சலான புழு ஒன்று கரும்புகைத் தூண்களின் சுவரிலேயே குடியிருக்கிறது. எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரின் பெயரால் அதற்கு ஆல்வினெல்லா பொம்பேயானா என்று 1980இல் பெயரிட்டனர். நீளம் பத்துச் செண்டிமீட்டர் அளவே. அதன் குழாயில் கைட்டின் இல்லை. புரதமும் அதனோடு பிணைந்த சர்க்கரைப் பொருளும் சேர்ந்த தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. தகடுகளுக்கிடையே கந்தகமும், உலோகச் சல்பைடுத் துகள்களும், பாக்டீரியாக்களும் சிக்கியிருக்கின்றன. அக்குழாய் வெப்பத்துக்கும் கடுமையான ரசாயனங்களுக்கும் எளிதில் அசைந்து கொடுப்பதில்லை.

1998இல் ஆராய்ச்சியாளர் சிலர் இக்குழாய்க்குள் வெப்பமானி செலுத்திப் பார்த்தனர். அடியில் சராசரி 68 டிகிரி. சில சமயம் 81 டிகிரி. தலைப்பக்கத்திலோ 22 டிகிரியே. அப்படியாயின் வாலை வெந்நீரிலும் தலையை வெதுவெதுப்பிலும் வைத்திருக்கும் விலங்கு இது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஆயினும் ஐயம் தீரவில்லை. 2013இல் பிரெஞ்சுக் குழுவினர், ஆழ்கடலின் அழுத்தம் குறையாதபடி புழுக்களை உயிரோடு மேலே கொண்டுவந்து, உயர் அழுத்தக் கலத்தில் சூடேற்றிப் பார்த்தனர். 50 முதல் 55 டிகிரிக்குள் புழுக்கள் இறந்துவிட்டன.

இவ்விரு முடிவுகளும் முரண்பட்டவை போலத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படும். குழாய்ச் சுவருக்கு அருகே வெப்பமானி காட்டும் அளவும், புழுவின் தசை உணரும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புழு தன் குழாய்க்குள் நீரை அசைத்துக்கொண்டே இருக்கிறது. சுவரும் வெப்பத்தைத் தடுக்கிறது. வெப்பத்தைத் தாங்கும் பெருமையில் ஒரு பங்கு புழுவுக்கு, ஒரு பங்கு வீட்டுக்கு என்று நான் கருதுகிறேன்.

இப்புழுவின் தோலில் கொல்லேஜன் என்னும் புரதம் உண்டு. அது மற்றப் புழுக்களின் கொல்லேஜனைவிட அதிக வெப்பத்தைத் தாங்குகிறது என்று கையில் அம்மையார் குழுவினர் கண்டனர். கொல்லேஜன் இழை மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்ற உண்மையை 1954இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். பசிபிக் கடலடிப் புழுவின் தோலைப் புரிந்துகொள்ளவும் கிண்டியில் நிகழ்ந்த ஆராய்ச்சி அடிப்படையாகிறது என்று எண்ணும்போது பெருமிதம் உண்டாகிறது.

நம் கரையில், நம் வீட்டில்

குழாய் கட்டும் கலை ஆழ்கடலுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுக் கடற்புழுக்களைத் தொகுத்துப் பியர் ஃபோவெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதிய நூல் 1953இல் இந்திய விலங்கின நூல் வரிசையில் வெளிவந்தது. குழாய் கட்டும் இனங்கள் பல அதில் இடம்பெற்றுள்ளன. சென்னை, விசாகப்பட்டினம் துறைமுகங்களில் கப்பலடியில் ஒட்டிக்கொள்ளும் ஹைட்ராய்டிஸ் புழு சுண்ணாம்பால் குழாய் கட்டுகிறது. 1921இல் சிலிகா ஏரியிலிருந்து விவரிக்கப்பட்ட டயோபட்ரா என்னும் புழு, காகிதத்தோல் போன்ற உறையைச் சுரந்து, அதன்மேல் கிளிஞ்சல் துண்டுகளைப் பதிக்கிறது. சபெல்லாரியா இனப் புழுக்கள் மணலை மணி மணியாகப் பொறுக்கிப் பசை வைத்து ஒட்டுகின்றன. நீருக்குள்ளேயே இறுகும் அந்தப் பசையைப் பின்பற்றி, முறிந்த எலும்பை ஒட்டும் பசை செய்ய அமெரிக்காவின் யூட்டா பல்கலைக் கழகத்தில் முயன்று வருகின்றனர்.

"டில்லியில் கடல் ஏது? இவற்றையெல்லாம் நாங்கள் எப்படிக் காண்பது?" என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. நான் வசிக்கும் லக்ஷ்மிபாய் நகரில், சரியாக மூடாத மொட்டைமாடித் தொட்டியின் அடியில் வண்டல் சேர்ந்தால், அதில் செந்நிறப் புழுக்கள் நெளிவதைக் காணலாம். மீன் வளர்ப்போர் இரத்தப்புழு என்பர். உண்மையில் இவை புழுக்கள் அல்ல; கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத, கைரோனோமஸ் என்னும் பூச்சியின் குஞ்சுகள். இவற்றின் செந்நிறத்துக்கும் ஹீமோகுளோபினே காரணம். பிராணவாயு குறைந்த சேற்றில் அதைப் பற்றி வைத்துக்கொள்ள அது உதவுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பட்டிழை விட்டு, வண்டலை அதில் ஒட்டி, இவையும் குழாய் கட்டுகின்றன. உள்ளே உடலை அலையலையாக நெளித்துப் புதுநீரை வரவழைக்கின்றன.

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நாலைந்து இரத்தப்புழுக்களைக் கழுவி விட்டு, கொஞ்சம் சலித்த செங்கற்பொடியைத் தூவிப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன். மறுநாட் காலையில் செங்கல் நிறக் குழாய்கள் தயாராக இருந்தன. ரிஃப்டியாவுக்கும் இதற்கும் இரத்த உறவு கிடையாது. ஒன்று புழுக்குலம், மற்றது பூச்சிக்குலம். எனினும் இழை ஒன்று, பிணைக்கும் பொருள் ஒன்று, உள்ளிருந்து கட்டும் முறை என்று ஒரே வகைச் சிக்கலுக்கு இயற்கை ஒரே வகை விடையை இரு வேறு இடங்களில் கண்டிருக்கிறது. இச்சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை. முடிந்தபின் தொட்டியைக் கழுவி மூடிவிட்டால் வீட்டாரும் மகிழ்வர்!

இந்துமகா சமுத்திரமும் நாமும்

இனி, தொடக்கத்தில் பின்னர்க் காண்போம் என்ற செய்திக்கு வருகிறேன். இந்துமகா சமுத்திரத்திலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜப்பானியர் கைரேய் என்னும் ஊற்றுக் களத்தைக் கண்டனர். அடுத்த ஆண்டில் எட்மண்ட் களம் கண்டறியப்பட்டது. இங்கே ரிஃப்டியா இல்லை. இறால்கள் மொய்க்கின்றன, காலின்மேல் இரும்புச் சல்பைடுச் செதில் போர்த்த அரிய நத்தை ஒன்று வாழ்கிறது. புழு சர்க்கரை இழையால் கட்டிய அரணை, இந்நத்தை உலோகத்தால் அணிந்துகொள்கிறது.

சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும், கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, ஆளில்லாத் தானியங்கிக் கலத்தைக் கொண்டு, சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்றொன்றைப் படம்பிடித்த செய்தி 2024 டிசம்பரில் வெளிவந்தது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்லும் மத்ஸ்யா 6000 என்னும் கலத்தையும் அச்சென்னைக் கழகமே உருவாக்கி வருகிறது. இவற்றுக்கெல்லாம் அடித்தளமான ஆழ்கடல் இயக்கத்துக்கு 2021இல் மத்திய அரசு 4,077 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது. நம் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அதிகத் தொலைவில்லாத லோதி சாலையில் உள்ள புவி அறிவியல் அமைச்சகத்தின் பொறுப்பு இது.

ஊற்றுகளை நாடுவது அறிவுக்காக மட்டுமன்று. கரும்புகைத் தூண்கள் உலோகச் சல்பைடுகளால் ஆனவை என்று முன்னரே கூறினேன். மத்திய இந்துமகா சமுத்திர மேட்டிலும் தென்மேற்கு மேட்டிலும் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவற்றைத் தேடி ஆராயச் சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு இந்தியா 2016இல் ஒப்பந்தம் செய்தது. கார்ல்ஸ்பர்க் மேட்டுக்காக 2025இல் மற்றோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இவை ஆராய்வதற்குத் தந்த உரிமைகள், வெட்டியெடுப்பதற்கு அல்ல. ஆயினும் ஆராய்ச்சிக்குப் பின் வருவது என்ன என்பதை யாரும் ஊகிக்கலாம். கடலடிச் சுரங்கத்தால் நேரக்கூடிய அபாயத்தைக் கருதி, செதில் நத்தையை 2019இல் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் செம்பட்டியலில் சேர்த்தனர்.

இவ்விடத்தில் ஒரு பழஞ்செய்தியை நினைவூட்டுவது பொருந்தும். ரஷ்யாவின் யூரல் மலைத் தென்பகுதியில் உள்ள உலோகச் சுரங்கத்தில், ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட புழுக்குழாய்களின் அச்சுகள் சல்பைடுத் தாதுவிலேயே பதிந்து கிடைத்தன. 1997இல் அது வெளியாயிற்று. தாதுவும் குழாயும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டுவிட இயலாது.

அதற்காக நாடு கடலடியையே நாடலாகாது என்று நான் கூறவில்லை. மின்சாரக் கம்பிக்கும் இயந்திரங்களுக்கும் செம்பு வேண்டும். அது எங்கிருந்தேனும் வந்தாக வேண்டும். ஆனால் உயிருள்ள ஊற்று வேறு. வற்றிக் குளிர்ந்துபோன ஊற்று வேறு. முன்னதைத் தொடாமல் பின்னதை மட்டும் நாடுவது என்ற வரம்பு கட்டலாம். அவ்வரம்பைக் கட்டுவதற்கு எது உயிருள்ளது, எது வற்றியது, எந்த உயிர் எந்த ஊற்றிலிருந்து எந்த ஊற்றுக்குப் பரவுகிறது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும். கரையில் நின்று தோற்றத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. தரைக்குமேல் ஒன்றும் இல்லை என்று தோன்றும் இடத்திலும் பாறைப் பொந்துகளுக்குள் குழாய்ப்புழுக்கள் வாழ்வதைப் பசிபிக் கடலடியில் பாறைத் தகட்டைப் பெயர்த்துப் பார்த்தபோது கண்டனர். 2024இல் அச்செய்தி வெளிவந்தது.

எனவே இத்துறையில் ஆட்கள் தேவை. விலங்கியலார் மட்டும் போதாது. பசையின் ரசாயனம் அறிந்தவர், அழுத்தம் தாங்கும் கலம் வடிக்கும் பொறியியலார், சர்வதேசக் கடற்சட்டம் கற்றவர், உலோகத்தின் விலையையும் உயிரின் மதிப்பையும் ஒருசேர எடைபோடத் தெரிந்த பொருளியலார் ஆகிய அனைவரும் வேண்டும். ஆழ்கடற் கலம் சென்னையில் உருவாகிறது. அதற்கான கொள்கை டில்லியில் வகுக்கப்படுகிறது. இவ்விரு நகரங்களோடும் உறவுடையவர்கள் நாம். வகுப்பறையில் எழுந்து நின்று கேட்கப்பட்ட ஒரு மாணவியின் கேள்வி, வாயில்லாப் புழுவின் இரகசியத்தை வெளிப்படுத்தியது. அடுத்த கேள்வியைக் கேட்பவர் நம்முள் ஒருவராக ஏன் இருக்கக்கூடாது?